பதினான்கு வயதுக்கு ஒரு தமிழ் நாவல்

பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு நாவல் வாங்கித் தர நினைத்தால் எதை வாங்குவது? சிங்கப்பூரில் தமிழ் வாசிக்கும் பெற்றோர் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறோம். என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் அவள் வயதுக்கென்றே எழுதிய கதைகள் நூலகத்தில் வரிசை வரிசையாக இருக்கின்றன. நட்பு முறிவது, அப்பாவுக்கு வேலை போவது, தேர்வு பயம், முதல் காதல், தம்பியின் நோய், பேய், விண்வெளி என்று எதைக் கேட்டாலும் உண்டு. தமிழ் அலமாரியின் ஒரு முனையில் படக்கதைகளும் நீதிக்கதைகளும், மறு முனையில் பெரியவர்களின் நாவல்கள். நடுவில் நான் தேடியவரை மிகக் கொஞ்சம்தான் அகப்பட்டது.

என் தலைமுறையும் இந்த இடைவெளியைத் தாண்டித்தான் வந்தது. அம்புலிமாமா, கோகுலம், இரும்புக்கை மாயாவி வந்த முத்து காமிக்ஸ், அதற்கடுத்து ஒரே தாவலில் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்த மாத நாவல். பாதி புரியும், பாதி புரியாது. வீட்டிலும் அண்டை அயலிலும் காதில் விழுந்தது முழுக்கத் தமிழ் என்பதால் தாவ முடிந்தது. இன்றைய நிலைமை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். அந்த வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வயதில் நீதிக்கதையை மூடிவைத்தால், அடுத்துத் திறக்கும் தமிழ்ப் புத்தகம் பாடநூலாகத்தான் இருக்கும். கதை என்றால் ஆங்கிலம், மதிப்பெண் என்றால் தமிழ் என்று மனத்தில் பிரிந்துவிடும். பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் நடக்கும் இந்தப் பிரிவு எனக்குப் பெரும் துயரமாகப் படுகிறது. அதனால்தான் அந்த வயதுக்கு ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் தெரிந்தது, முதலில் படிக்க வேண்டும் என்று. இளையோர் புனைகதை தனக்கென்று ஒரு நெறி உள்ள வடிவம். அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று தனிப் பிரிவு அமைத்தது 1957-இல். பத்து ஆண்டு கழித்து, 1967-இல், எஸ்.ஈ. ஹின்டன் என்ற பெண் துல்சா நகரத்து இளைஞர் கும்பல்களைப் பற்றி எழுதிய நாவல் வெளிவந்தது. அதை அவர் எழுதியது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது. தன்னைச் சுற்றியிருந்த பிள்ளைகளைப் பற்றி உண்மையாகப் பேசும் புத்தகம் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் தானே எழுதினார். இந்தக் காரணத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இல்லாததை எழுதுவது எழுத்துக்குப் போதுமான காரணம்தான்.

பதின்ம வயதுப் பாத்திரங்கள் தமிழில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அற்புதமாக இருக்கிறார்கள். கு. அழகிரிசாமியின் குழந்தைகளை மறக்க முடியுமா? அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ செகந்திராபாத்தில் ஓர் இளைஞன் 1948-ஐக் கடந்துவருவதைச் சொல்கிறது. ஆனால் அவை பெரியவர்கள் வாசிப்பதற்காக எழுதியவை. ‘அன்று நாம் எப்படி இருந்தோம்’ என்று திரும்பிப் பார்க்கும் முதிர்ந்த கண் அங்கே எழுத்தில் எங்கோ இருந்துகொண்டே இருக்கும். இளையோர் நாவலில் அந்தக் கண் கிடையாது. நாளைக்கு என்ன ஆகும் என்று பாத்திரத்துக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. பதினான்கு வயதின் அவமானத்தைப் ‘பிறகு சரியாகிவிடும்’ என்று தெரிந்த குரலில் சொன்னால், பதினான்கு வயது வாசகி புத்தகத்தை மூடிவிடுவாள். அவளுக்கு அது சரியாகும் என்று யாரும் இன்னும் நிரூபித்துக் காட்டவில்லையே.

நாற்பதைத் தாண்டிய நான் இந்தக் குரலை நினைவிலிருந்து மட்டும் எடுத்துவிட முடியாது. படித்துப் படித்துத்தான் காது பழக வேண்டும். ஆகவே படிப்பதற்கு நேரம், எழுதுவதற்கு நேரம் என்று இரண்டு தேவை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

நான் கப்பல் சரக்கு ஆவணங்கள் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பில் ஆஃப் லேடிங், சரக்குப் பட்டியல், துறைமுகம் மூடும் நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டிய திருத்தங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. மாலை வீட்டுக்கு வந்தால் சமையல், மகளின் பாடம், மாமியாருக்கு மருந்து. இந்த நாளுக்குள் நாவலை எங்கே வைப்பது?

விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. சிங்கப்பூரில் குடும்பம் நடத்துபவருக்கு அது பொருந்தாது. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் எழுவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. உயர்நிலைப் பள்ளி ஏழரைக்கே மணி அடித்துவிடும். ஐந்தரைக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாதிச் சன்னல்களில் விளக்கு எரியும். விடியலுக்கு முந்தைய அந்த நேரம் இட்லித் தட்டுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் பள்ளிச் சட்டையின் இஸ்திரிக்கும் போய்விடுகிறது. அதற்கும் முன்னால் எழலாம் என்பவர்களுக்கு என் பதில்: தூக்கத்தை வெட்டி எழுதிய பக்கங்களில் உயிர் இல்லை, அலுவலகத்தில் கப்பல் எண்ணும் தப்பாக விழும்.

விடியற்காலை எழுத்துக்கு உலகப் புகழ் பெற்றவர் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். 1883-இல் வெளியான அவருடைய தன்வரலாற்றில் இந்தக் கணக்கு இருக்கிறது. இதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு செய்தியை யாரும் சொல்வதில்லை. அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுக்க ஒரு வயதான வேலைக்காரர் இருந்தார். அந்த வேலைக்கென்று ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஒருநாள்கூட அவர் காப்பியைத் தாமதமாகக் கொண்டுவந்ததில்லை என்றும், தன் வெற்றியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்றும் டிரோலப்பே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வேலைக்காரரைப் பற்றிய வரிதான் முக்கியம். எழுதுபவரின் நேரம் இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. அதைக் கொடுத்தவர் யார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பகலில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மற்ற நேரத்தில் எழுத்தாளர் என்று சுஜாதா வாழ்ந்ததை வியந்து பேசுகிறோம். அசோகமித்திரன் தியாகராய நகரின் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார் என்பதும் வாசகர்களுக்குத் தெரிந்ததே. அந்த வீடுகளில் அந்த நேரத்தில் உலையை யார் வைத்தார்கள் என்பதும் தமிழ் இலக்கிய வரலாற்றில் சேர வேண்டிய சேதி என்பது என் எண்ணம்.

ஆகவே வீட்டில் கேட்டேன். ஒளித்து, திருடி, யாரும் பார்க்காத நேரத்தில் எழுதுவது வேண்டாம், கேட்டு வாங்கிக்கொள்வோம் என்று முடிவு. எழுதுவதற்கு நேரம் கேட்டபோது கணவர் உடனே தலையாட்டினார். படிப்பதற்கும் கேட்டபோதுதான் யோசித்தார்.

“எழுதறதுக்குன்னா சரி. கதை படிக்கறதுக்கும் தனியா நேரம் வேணுமா? அதுவும் சின்னப் பிள்ளைங்க கதை?”

“படிக்காம எழுத முடியாதுங்க. நீங்க கோர்ஸ் போறீங்கல்ல, அந்த மாதிரிதான் இது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சனிக்கிழமை தேக்காவுக்கு நான் போறேன். மீன் என்ன வாங்கணும்னு மட்டும் எழுதிக் குடு” என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமைக் காலை எனக்குக் கிடைத்தது. அவரும் மகளும் செங்காங்கிலிருந்து ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போவார்கள், நான் நூலகத்துக்கு. அவர் கேட்ட கேள்வியில் தவறொன்றும் இல்லை. பெரியவர்கள் இளையோர் கதை படிப்பதை நம் சமூகம் பொழுதுபோக்காகத்தான் பார்க்கிறது. அதைப் படிப்பவரே அப்படிப் பார்த்தால் நேரம் ஒருநாளும் கிடைக்காது, எப்போதும் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும். நாட்காட்டியில் மருத்துவர் சந்திப்புக்குப் பக்கத்தில் ‘வாசிப்பு’ என்று எழுதிவைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் மற்றதைத் திட்டமிடுகிறார்கள்.

வாசிப்பின் பெரும்பகுதி ரயிலில் நடக்கிறது. வடகிழக்கு ரயில் பாதையில் செங்காங்கில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் வரை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். காலையில் நின்றுகொண்டே, ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் கைப்பேசி. தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்கள் லிப்பி செயலியில் இலவசமாக வருகின்றன. 21 நாளில் புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விடும். இந்தக் கெடு எனக்குப் பிடிக்கும், சொந்தமாக வாங்கிய புத்தகங்கள்தான் என்னிடம் ஆண்டுக்கணக்கில் படிக்காமல் இருக்கின்றன. இளையோர் நாவல்களின் அத்தியாயங்கள் பெரும்பாலும் சிறியவை. செராங்கூனில் தொடங்கிய அத்தியாயம் டோபி காட்டில் முடிந்துவிடும்.

நல்ல புத்தகம் என்று பட்டால் நூலகத்திலிருந்து அச்சுப் பிரதியை எடுத்து இரண்டாம் முறை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவேன். அத்தியாயம் எந்த வரியில் நிற்கிறது, வருணனைக்கு எத்தனை வரி, ஒரு பாத்திரம் அழும்போது ஆசிரியர் என்ன சொல்லாமல் விடுகிறார். முக்கியமாகப் பார்ப்பது, பெற்றோரை எப்படி வழியிலிருந்து விலக்குகிறார்கள் என்பதை. இளையோர் கதைக்கு இதுதான் பெரிய சிக்கல். அம்மா அப்பா பக்கத்திலேயே இருந்தால் பிள்ளை எதையும் தானாக முடிவெடுக்காது, கதையும் நகராது. அதனால்தான் ஆங்கிலக் கதைகளில் இத்தனை அனாதைகள், இத்தனை விடுதிப் பள்ளிகள், இத்தனை கோடை முகாம்கள்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தில் அப்படி விலக்க முடியாது. அம்மா, அப்பா, பாட்டி, பக்கத்துப் புளோக்கில் அத்தை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப். ஆனால் யோசித்துப் பார்த்தால் இங்கே பதினான்கு வயதுக்கு ஒரு விசித்திரமான சுதந்திரம் உண்டு. கையில் ஈஸிலிங்க் பயண அட்டை இருந்தால் தீவின் எந்த மூலைக்கும் தனியாகப் போய் வரலாம். பயம் இல்லை. அவளிடம் இல்லாதது நேரம்தான். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு, வீட்டுப்பாடம். பள்ளி முடிவதற்கும் அப்பா வேலையிலிருந்து திரும்புவதற்கும் நடுவில் மிஞ்சும் அந்தக் கொஞ்ச நேரம் பேருந்து நிறுத்தத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் பேரங்காடியின் குளிர்சாதனத்திலும் கழிகிறது. அங்கேதான் எல்லாம் நடக்கிறது. நட்பு தொடங்குவதும் அங்கே, முறிவதும் அங்கே, பொய் பிறப்பதும் அங்கே. என் கதையின் பெண்ணுக்கு ஈசூனில் வீடு. அம்மா மருத்துவமனையில் மாறுநேர வேலை. ஒரு புதன்கிழமை கணக்குத் துணைப்பாட வகுப்புக்குப் போகாமல் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முழு நாவலும் அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து கிளம்புகிறது.

அவள் படிக்கும் பள்ளி நான் படித்த பள்ளி இல்லை. விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைப் பிரித்த காலத்தில் வளர்ந்தவள் நான். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவருக்கு ஏற்ற நிலையில் படிக்கிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்கும் 2021 முதல் வேறு மதிப்பெண் கணக்கு, நான்கிலிருந்து முப்பத்திரண்டு வரை, குறைவாக எடுத்தால் நல்லது. இதெல்லாம் அதிகாரிகள் பார்க்கும் விவரம் மட்டும் அல்ல. தமிழில் ஒன்றாக உட்காரும் இரண்டு தோழிகள் கணக்கு வகுப்புக்கு வெவ்வேறு அறைக்குப் பிரிந்து போகிறார்கள் என்றால், ஒவ்வொரு நாளும் ஒரு சிறு பிரிவு நடக்கிறது. என் நாவலின் வலி அந்த நடைவழியில் இருக்கிறது. என் பள்ளி நினைவுகளை வைத்து எழுதியிருந்தால் அது கிடைத்திருக்காது.

எழுதும் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் மாதத்தில் 50,000 சொற்கள் எழுதி முடிக்கும் இயக்கம் ஒன்று 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் 21 பேரோடு தொடங்கி உலகெங்கும் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நாளுக்கு 1,667 சொற்கள் என்ற அதன் கணக்கை இன்றும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் எழுதுபவர் இந்த எண்ணோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பேன். ‘போய்க்கொண்டிருந்தவளிடமிருந்துதான்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை சொற்கள் போகும்? அதோடு நவம்பர் இங்கே எழுதும் மாதமே இல்லை. பல ஆண்டுகளில் தீபாவளி அப்போதுதான் வரும், சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவும் அப்போதுதான், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை வேறு ஆரம்பிக்கும். நான் காட்சியைத்தான் எண்ணுகிறேன். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு காட்சி. வாரநாட்களில் இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் நேரத்தில் அந்தக் காட்சியைத் திருத்துவேன், புதிதாக எதையும் தொடங்க மாட்டேன். களைத்த மூளை திருத்தும், படைக்காது. தேர்வு நெருங்கினால் நூலகத்தில் இடம் கிடைக்காது. மாணவர்கள் கதவு திறக்கும்போதே நாற்காலிகளை ‘சோப்’ பண்ணிவிடுவார்கள், அதாவது இடம் பிடித்துவைத்துவிடுவார்கள். அந்த வாரங்களில் கோப்பிக்கடையில் பாலில்லாத ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு, அங்கே வரும் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவும் வேலைதான்.

அந்தப் பேச்சுத்தான் நாவலில் மிகக் கடினமான பகுதி. நம் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் பேசுகிறார்கள். அப்படியே எழுதினால் தமிழ் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், சுத்தமாக எழுதினால் இது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே பள்ளிப் பாடத்திட்டம் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்திருப்பது எனக்குப் பெரிய துணை. பாத்திரங்கள் பேச்சுத் தமிழில்தான் பேசுகின்றன. ஆங்கிலச் சொல் வர வேண்டிய இடத்தில் வரும், ‘மக்கான்’ வரும், ‘லா’ வரும். ஆனால் கோபத்திலும் அழுகையிலும் அந்தப் பெண்ணைத் தமிழில் மட்டும் பேசவைத்திருக்கிறேன். நாவலில் நான் எடுத்த முடிவுகளிலேயே மனத்துக்கு மிக நெருக்கமானது இது. முதல் காட்சியைப் படித்த மகள், “அம்மா, யாரும்மா ‘நான் வருந்துகிறேன்’னு சொல்லுவாங்க? ‘சாரி’ன்னு போடுங்க” என்றாள். போட்டேன். அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் கதையின் மேல் உரிமை வந்துவிட்டது, அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்கத் தொடங்கினாள்.

1887-இலேயே ‘சிங்கைநேசன்’ இதழ் அச்சான ஊர் இது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. தமிழ் மொழி விழாவுக்கென்று ஒவ்வொரு ஏப்ரலும் இருக்கிறது. அச்சும் மேடையும் பரிசும் நமக்கு உண்டு. அந்த அலமாரியின் நடுப் பகுதியில் நிற்க இன்னும் பல புத்தகங்கள் வேண்டும். அவற்றை எழுதக்கூடியவர்கள் நம்மிடையே ஆசிரியராகவும் தாதியாகவும் ஓட்டுநராகவும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது தேக்காவுக்குப் போய்வர முன்வர வேண்டும்.

பாதி நாவல் முடிந்திருக்கிறது. மகளும் அவள் வகுப்புத் தோழிகள் இருவரும் படித்தார்கள். ஏழாம் அத்தியாயத்தில் மூவருமே நிறுத்திவிட்டார்கள். பாட்டி தன் கணவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்ததையும், 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது குடும்பம் பட்ட பாட்டையும் பேத்திக்குச் சொல்லும் அத்தியாயம் அது. நான் ஆசை ஆசையாக எழுதியது. “பாட்டி கதை நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா அவ டியூஷன் போகலன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா இல்லையா? அத முதல்ல சொல்லுங்க” என்றாள் ஒருத்தி. வரும் சனிக்கிழமை அந்த அத்தியாயத்தைப் பிரிக்கப் போகிறேன். பாட்டி சொல்லத் தொடங்கும்போதே அம்மாவின் தொலைபேசி அழைப்பு வரும். பேத்தி அதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கடற்படைத் தளம் முழுவதும் அந்த மணி அடிக்கும் நேரத்துக்குள் வர வேண்டும்.